ஏழு பத்துக்கு வந்த குரல்செய்தி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 7.10க்கு அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பினாள். "வரும்போது ரெண்டு கொத்து கறிவேப்பிலை கொண்டாடி, இங்க செடியில பூச்சி புடிச்சிப் போச்சு." பதினோரு வினாடி. பின்னால் குக்கர் விசில் அடிக்கும். கேட்டுவிட்டு, சரி என்று ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டேன். அந்தப் பதினோரு வினாடியை அன்றைக்குள் மூன்று டாக்டர்கள் கேட்கப் போகிறார்கள் என்றோ, அதை வைத்துத்தான் அக்காவுக்கு என்ன வைத்தியம் பார்க்கலாம் என்று கணக்குப் போடப் போகிறார்கள் என்றோ எனக்கு எப்படித் தெரியும்?

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா மகள் கூப்பிட்டாள். "சித்தி, அம்மா பேசுறது ஒண்ணும் புரியல. கரண்டியக் கீழ போட்டுட்டாங்க, எடுக்கத் தெரியல." குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அம்மாவைச் சிரிக்கச் சொல், இரண்டு கையையும் முன்னால் தூக்கச் சொல் என்றேன். ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டாளாம். வாய் இடது பக்கம் இழுக்கிறது, வலது கை ஏறவே இல்லை. பக்கவாதமா என்று பார்க்கும் சோதனை அது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் முதலுதவிக் கழகத்தில் இருந்தபோது கற்றுக்கொண்டது.

மலேசியாவின் பினாங்கில் நான் இருப்பது பட்டர்வொர்த்தில், அக்கா வீடு ஜூருவில். ஆம்புலன்ஸுக்கு 999 அடி, நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காடியை, காரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், எடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் அந்த நேரத்தில் பெரியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள், நான்கு பேருக்கும் அக்கா மேல் உயிர். அத்தை, அதாவது அக்கா கணவரான மாமாவின் அம்மா, வெறும் வயிற்றில் அடுப்படியில் நின்றதால் வாயு ஏறிவிட்டது என்று சொல்லித் தைலத்தைச் சூடு பண்ணப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மாக்சிக், மலாய்க்கார அம்மா, ஓடி வந்து பார்த்துவிட்டு "அங்கின் அஹ்மார்" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த, ஊருட் போட்டு உடம்பை உருவிவிடும் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். இன்னொருவர் விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். மாமா ஊசியைத் தேடிக்கொண்டு இருந்தாராம்.

இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அந்த வார்த்தைகளைக் கொஞ்சம் பாருங்கள். நாம் பக்கவாதம் என்கிறோம், பாரிச வாயு என்கிறோம். வாதம் என்றாலும் வாயு என்றாலும் காற்றுத்தான். மலாய்க்காரர்கள் அங்கின் அஹ்மார் என்கிறார்கள், சிவப்புக் காற்று. சீனர்கள் சொல்லும் பெயருக்கும் காற்று அடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். இந்தப் பினாங்கில் மூன்று இனமும் மூன்று பாஷையில் ஒரே மாதிரி இதைக் காற்று என்று நினைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறது. காற்று என்றால் தடவலாம், உருவலாம், சூடு வைக்கலாம், ஓய்வெடுத்தால் இறங்கிவிடும். பெயரே நம்மை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் கையைப் பிடித்து இழுக்கிறது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்கள் அப்பாவை இழுத்தது. 2004. தோட்டத்திலிருந்து வெளியேறி புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிரவு முழுவதும் எண்ணெய் போட்டு உருவினோம், நானும்தான் உருவினேன். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இனிமேல் மருந்தும் பயிற்சியும்தான் என்றார்கள். நான்கு வருடம் கட்டிலில் கிடந்து போனார். அவர் விழுந்த அதே 2004இல்தான் மூளை இரத்தக்குழாயில் அடைத்த இரத்தக்கட்டியை உள்ளே கம்பி விட்டு வெளியே இழுக்கும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது என்று பல வருடம் கழித்துப் படித்தேன். எங்களுக்கு அது வந்து சேர்ந்திருக்காது, தெரியும். இருந்தாலும் அந்த வருடத்தைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ பிசைகிறது.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

மகள் ஒருத்திதான் கத்திக் கூச்சல் போட்டு எல்லாரையும் தள்ளியிருக்கிறாள். ஆனாலும் மாமா ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அக்காவைக் காடியில் ஏற்றி, வழக்கமாகப் போகும் ஒரு கிளினிக்கில் நிறுத்திவிட்டார். அங்கே பி.பி. பார்த்து, அதிகமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் படுக்கட்டும் என்றார்களாம். இருபது நிமிடம். நான் நேரே அங்கே போய்ச் சேர்ந்து, சண்டை போடாத குறையாகத்தான் கிளப்பிக்கொண்டு போனேன். மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைத்தால், சராசரியாக ஒரு நிமிடத்துக்குப் பத்தொன்பது இலட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். இருபதால் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை.

பினாங்கின் பெருநிலப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரி வாசலில் எங்களிடம் பெயர் கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி இது: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" கண்டுபிடித்த நேரம் அவர்களுக்கு வேண்டாம். கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம், அல்லது கேட்ட நேரம்தான் வேண்டும். மாமா அப்போது குளியலறையில் இருந்தார், மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல்நாள் இரவு பத்தரைக்குப் படுத்தோம் என்று மாமா தடுமாறிச் சொல்ல ஆரம்பித்தார். இரவு பத்தரை என்று எழுதியிருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சாதாரணமாகப் போட்டிருக்கவே மாட்டார்கள், அதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நான் போனை நீட்டினேன். டாக்டர் காதில் வைத்துக் கேட்டார். தமிழ் தெரியாதவர், பக்கத்தில் இருந்த மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், கொடுத்தார். மிஸ்ஸி கேட்டுவிட்டு, "பேச்சு நல்லாத்தான் இருக்கு, தெளிவா இருக்கு, கறிவேப்பிலை கேக்குறாங்க" என்று மலாயில் சொன்னார். 7.10 என்று எழுதினார்கள்.

முதலில் சி.டி. ஸ்கேன். இது எதற்கு என்றால், பக்கவாதத்தில் இரண்டு வகை. நூறு பேரில் எண்பது, எண்பத்தைந்து பேருக்குக் குழாய் அடைத்து வருவது, மீதிப் பேருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிந்து வருவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வாய் கோணும், கை விழும். அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் ஆளைக் கொன்றேவிடலாம். அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரினோ தண்ணீரோ எதையும் வாயில் போடாதீர்கள் என்கிறார்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். அத்தை நல்ல மனதோடு ஒரு டம்ளர் சுக்குத்தண்ணீர் கொடுக்கப் போயிருந்தார், மகள் தட்டிவிட்டிருக்கிறாள். அந்த டம்ளர் சத்தத்தைப் பற்றி அவள் இன்னும் வருத்தப்படுகிறாள், பாட்டியைத் தட்டிவிட்டேனே என்று.

கசிவு இல்லை. 9.40க்கு ஊசி ஏறியது. அதன் பிறகு சாயம் செலுத்தி எடுத்த ஸ்கேனில், மூளையின் இடது பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நடுத் தமனி அடியிலேயே அடைத்திருப்பது தெரிந்தது. இந்த மாதிரிப் பெரிய குழாயில் பெரிய கட்டி உட்கார்ந்துவிட்டால் ஊசி மட்டும் அதைக் கரைப்பது அபூர்வம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பினாங்குத் தீவில் ஓர் ஆஸ்பத்திரியில் அதை இழுத்து எடுக்கும் டாக்டர் இருக்கிறார், பேசிவிட்டேன், ஆம்புலன்ஸ் தயாராகிறது, நீங்கள் சரி என்றால் இப்போதே கிளம்பலாம் என்றார். த்ரோம்பெக்டமி என்ற வார்த்தையை நான் முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன்.

மாமா கேட்டது ஒரே கேள்வி. "தலைய வெட்டுவாங்களா?"

வெட்டமாட்டார்கள். தொடை இடுக்கில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். சிலருக்கு மணிக்கட்டில் போடுகிறார்கள். அந்தத் துளை வழியாக ஓர் ஈர்க்குச்சி கனத்துக்கு ஒரு குழல், கேத்திட்டர் என்பார்கள், உள்ளே போகிறது. தொடையிலிருந்து வயிற்றுப் பெருந்தமனி, அங்கிருந்து மார்பு வளைவு, அப்புறம் கழுத்து, அப்புறம் மண்டைக்குள். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். கட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அதைவிட மெல்லிய இன்னொரு குழல் கட்டியைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் போகும். அதற்குள்ளே சுருக்கி வைத்திருக்கும் வலைக் கம்பி ஒன்றை அங்கே விரித்துவிடுவார்கள். மீன் பிடிக்கும் கூண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலை விரிந்து கட்டிக்குள் பதியச் சில நிமிடம் விடுவார்கள். பிறகு பின்னால் உறிஞ்சிக்கொண்டே வலையைக் கட்டியோடு சேர்த்து மெல்ல இழுப்பார்கள். சில சமயம் வலை இல்லாமல் வெறும் உறிஞ்சுகுழலை மட்டும் வைத்தே இழுத்துவிடுவார்களாம். அந்த நடுத் தமனியின் அகலமே மூன்று மில்லிமீட்டர்தான். அதற்குள் போய் இத்தனை வேலை நடக்கிறது.

ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார்கள். நூறில் நான்கைந்து பேருக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்து நிலைமை மோசமாகலாம், குழாய் கிழியலாம், கட்டி உடைந்து சிதறி வேறு கிளையை அடைக்கலாம், துளை போட்ட இடத்தில் இரத்தம் கட்டலாம். மாமா கையெழுத்துப் போட பேனாவைப் பிடித்தார், கை நடுங்கியது, என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் கட்டிலை நினைத்தேன். போடுங்க மாமா என்றேன். அந்த இரண்டு வார்த்தை சொன்னதற்கு, அக்கா போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறியபோது மணி பத்தரை. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலம். 1985இல் திறந்தபோது அப்பா எங்களைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது, அக்கா சன்னல் பக்கம் உட்கார என்னோடு சண்டை போட்டது. இப்போது அவள் பின்னால் படுத்திருக்கிறாள், நான் அவள் இடது கையைப் பிடித்திருக்கிறேன், அந்தக் கை என்னை இறுக்கிப் பிடித்திருக்கிறது, அந்தப் பக்கம் நல்ல பக்கம். எதையோ சொல்லப் பார்த்தாள். "தா... தா... பல..." அவ்வளவுதான் வந்தது. கண்ணில் முழு அக்காவும் இருந்தாள், வாயில்தான் இல்லை. பேச்சு மையம் பெரும்பாலோருக்கு இடது மூளையில் இருப்பதால் இடது குழாய் அடைத்தால் பேச்சும் சேர்ந்து போய்விடுகிறது. அறிவு போகவில்லை, சொல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் பாலத்தில் நெரிசல் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமாக இருந்தால் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

11.20க்குத் துளை போட்டார்கள், 12.02க்குக் குழாய் திறந்தது. முதல் இழுப்பில் வரவில்லை, இரண்டாவது இழுப்பில் வந்தது.

அன்று சாயங்காலம் அந்த டாக்டர் எங்களை உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். முதல் படத்தில் இலையுதிர்ந்த மரம் மாதிரி கிளை கிளையாகக் குழாய்கள், ஒரு பக்கம் மட்டும் அடிமரத்தோடு வெட்டினாற்போல நின்றுவிடுகிறது, அதற்கு மேலே வெறும் வெள்ளை. இரண்டாவது படத்தில் அந்த வெள்ளை முழுவதும் கிளைகள். வெளியே எடுத்ததையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். பஞ்சுத் துணி மேல் கருஞ்சிவப்பாக, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஈர நாளில் காலில் ஏறும் அட்டை இருக்குமே, இரத்தம் குடித்த குட்டி அட்டை, அச்சு அசல் அதுதான். மாமா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வாயு என்ற சொல் வரவில்லை.

அக்காவின் வலது கால் அன்று இரவே அசைந்தது. மறுநாள் காலை விரல்கள் மடங்கின. பேச்சு வரவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் இதைப் பற்றி வெறிபிடித்த மாதிரி படித்தேன். நான் டாக்டர் இல்லை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஆனால் படிக்கப் படிக்க ஆச்சரியம். மூளைக் குழாய்க்குள் சாயம் செலுத்திப் படம் எடுக்கலாம் என்று போர்த்துகலைச் சேர்ந்த எகாஸ் மோனிஸ் காட்டியது 1927இல். தோலில் ஊசியால் குத்தி, அதன் வழியே கம்பி விட்டு, கம்பி மேல் குழலை ஏற்றும் வழியை ஸ்வீடனின் செல்டிங்கர் எழுதி வெளியிட்டது 1953இல். அக்கா தொடையில் போட்ட துளையும் அதே முறைதான். கட்டியைக் கரைக்கும் ஊசி பக்கவாதத்துக்கு உதவும் என்று ஆராய்ச்சி வந்தது 1995இல். இவ்வளவும் இருந்தும், இழுத்து எடுக்கும் சிகிச்சை 2013இல் கிட்டத்தட்டக் கைவிடப்பட இருந்தது. அந்த வருடம் மூன்று பெரிய ஆய்வுகள் வெளிவந்தன, மூன்றும் இதனால் கூடுதல் பயன் இல்லை என்று சொல்லிவிட்டன.

ஏன் என்று பார்த்தால் காரணம் கருவி மட்டும் இல்லை. பழைய கருவிகள் கட்டியைச் சரியாகப் பிடிக்கவில்லை, அது ஒன்று. பெரிய குழாய் அடைத்திருக்கிறதா என்று முன்கூட்டியே ஸ்கேனில் உறுதி செய்யாமலே பல நோயாளிகளைச் சேர்த்திருந்தார்கள், அது இன்னொன்று. அடைப்பே இல்லாதவருக்கு இழுக்க என்ன இருக்கிறது? அதோடு ஆரம்பிக்கவும் தாமதம். புது வலைக் கருவியோடு, குழாய் அடைப்பை ஸ்கேனில் பார்த்த பிறகே, நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் மறுபடி சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், இழுத்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 33 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19 பேர். 2015இல் இன்னும் நான்கு ஆய்வுகள் அதையே சொல்லின. 2016இல் இந்த ஐந்தையும், மொத்தம் 1287 பேர், சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, அப்படி இருந்தவர்கள் இழுத்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர், மற்றவர்களில் 26 பேர் ஏறக்குறைய. இரத்தக்கசிவு ஆபத்து இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருந்தது. 2018இல் வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே. மூளையில் இன்னும் உயிரோடு இருக்கும் பகுதி நிறைய என்று ஸ்கேன் காட்டினால், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட இது பயன்படும் என்றன. தூங்கி எழும்போதே வாதம் அடித்துக் கிடப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், அவர்கள் எப்போது விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது அல்லவா. ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூளை குறைந்துகொண்டேதான் போகிறது.

46 என்றால் மீதி 54 பேர் இருக்கிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. அடைப்பு எடுத்தும் எழுந்திருக்காதவர்கள் உண்டு. சின்னக் குழாய் அடைத்தவர்களுக்கு இந்தக் கம்பியை விடுவதில்லை, அவர்களுக்கு ஊசியும் மாத்திரையும்தான். அக்காவுக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும் என்று இதைப் படிக்கும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரத்தம் கசியும் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கோயிலில் கணக்குப் பார்க்கும் அண்ணன் ஒருவருக்குக் கசிவு வகை வந்தது. அதில் இழுக்க ஒன்றும் இல்லை, பி.பி.யை இறக்கி, இரத்தம் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்தால் நன்றாகுமா என்று 2005இலும் 2013இலும் வந்த பெரிய ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. திறப்பதற்குள் நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2024இல் 300 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. மண்டையோட்டில் சின்னத் திறப்பு, நரம்பிழைகளை வெட்டாமல் அவற்றின் ஓட்டத்தோடு விலக்கிக்கொண்டு போகும் மெல்லிய குழல், அதன் வழியே இரத்தத்தை உறிஞ்சி எடுப்பது, எல்லாம் 24 மணி நேரத்துக்குள். மூளையின் மேற்பகுதி மடல்களில் கசிந்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. ஆழத்தில் கசிந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அந்த அண்ணனுக்கு ஆழத்தில். இப்போது சக்கர நாற்காலியில் கோயிலுக்கு வருகிறார், கணக்குப் புத்தகத்தை இன்னும் அவர்தான் சரிபார்க்கிறார்.

பணத்தைச் சொல்லாமல் போனால் நான் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். எங்களுக்கு ஐம்பதாயிரம் வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தாண்டியது. அக்காவின் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, பெரும்பகுதியைத் தாங்கியது, மீதிக்கு மாமா தன் ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தைத் தொட வேண்டியிருந்தது. கார்டு இல்லாத வீட்டில் அந்தப் பத்து நிமிடத்தில் அப்படி ஒரு முடிவை எப்படி எடுப்பார்கள்? சில பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சிகிச்சை இருக்கிறது, ஆனால் கோலாலம்பூர் பக்கம் இருக்கும் அளவுக்கு மற்ற மாநிலங்களில் இல்லை. செய்யத் தெரிந்த டாக்டர்களும் குறைவு, ஒருவர் விடுப்பில் போனால் அந்த ஊருக்கே அன்று இல்லை. இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. தொடையில் துளை போடும் வித்தை நம் நாட்டுக்கு வந்துவிட்டது, எந்த ஊரில் எந்தக் கிழமையில் விழுகிறோம் என்பதைப் பொறுத்துக் கிடைக்கிறது என்றால் எப்படி?

அட்டை மாதிரி இருந்த அந்த இரத்தக்கட்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? இதயத்திலிருந்து. அக்காவுக்கு இரண்டு வருடமாகவே திடீர் திடீரென்று படபடப்பு வரும். மாதவிடாய் நிற்கும் வயது, காப்பி அதிகம், பிள்ளைக் கவலை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிதுடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படித் துடிக்கும்போது இரத்தம் சரியாக வெளியேறாமல் இடது மேலறையின் மூலையில் தேங்கி உறைந்து, ஒரு நாள் அங்கிருந்து கிளம்பி நேரே மூளைக்குப் போய்விட்டது. முன்னாலேயே தெரிந்திருந்தால் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். இப்போது அதைத்தான் தினமும் போடுகிறாள். நாடி பிடித்துப் பார்க்க நம் தாத்தாக்களுக்குத் தெரியும். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், தாளம் தப்பித் தப்பி வந்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இனிப்பு நீரும், அதாவது நீரிழிவும், பி.பி.யும் சும்மா இருக்காது. 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர், 30 பேருக்கு இரத்த அழுத்தம். இனிப்பு நீரில் நம் இந்தியர்கள்தான் முதலிடம். அத்தனை பேரும் இந்த வாசலில்தான் நிற்கிறோம்.

பேச்சைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. குழாய் திறந்தது, கை கால் வந்தது, நான்காம் நாள் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனால் மூன்று வாரம் வரை எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், "தாத்தா". மாமாவும் தாத்தா, நானும் தாத்தா, தண்ணீரும் தாத்தா. தப்பாக வருகிறது என்று அவளுக்கே தெரியும், தெரிந்து அழுவாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் நல்ல பெண், மலாயிலும் ஆங்கிலத்திலும் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். அக்கா ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, வீட்டில், அடுப்படியில், சாமி அறையில் எல்லாம் தமிழ். மூளை தன் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேற்று மொழிச் சொல்லைக் கொடுத்தால் பாவம் என்ன செய்யும்? தமிழில் பயிற்சி கொடுப்பவரை எங்கள் பக்கம் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாசாம் என்று ஒரு சங்கம் இருக்கிறது, பக்கவாதம் வந்து தானே மீண்ட ஜேனட் இயோ 1996இல் ஆரம்பித்தது, பினாங்கிலும் மையம் உண்டு. பக்கவாதம் வந்தவர்களையே ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கும் இடம். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் என்ன செய்வது என்று முழிப்பவர்கள் அவர்களைக் கேளுங்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு நானே பட அட்டை செய்ய ஆரம்பித்தேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தானே இத்தனை வருடம் செய்தேன். ஆனால் பாடப்புத்தகத்து மயிலும் குதிரையும் அக்காவுக்கு எதற்கு? அவள் அடுப்படியையே படம் எடுத்தேன். அம்மி, அரிவாள்மனை, சீரகம், சாம்பல் பூசணி, அவள் சுருக்குப்பை, பிறை ஊர்ச் சந்தையில் அவள் மீன் வாங்கும் கடை, வீட்டு கேட், அத்தையின் மூக்குக்கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரிய எழுத்தில் சொல், அதன் கீழே அவள் வழக்கமாக அதை வைத்துச் சொல்லும் ஒரு வரி. "சீரகம் கொஞ்சம் தூக்கலா போடு." தனிச் சொல்லாக வராதது அந்த வரியோடு சேர்ந்து வந்துவிடும் பல நேரம். பாட்டாகப் பாடினாலும் வரும், சாமி பாட்டு முழுதாகப் பாடுவாள், பாடி முடித்ததும் பேசச் சொன்னால் திக்குவாள். அது வேறு பாதை வழியாக வருகிறதாம்.

இரண்டு வருடம் ஆகப் போகிறது. இப்போது நன்றாகப் பேசுகிறாள், களைத்துப்போனால் மட்டும் சொல் வழுக்கும். சமைக்கிறாள். காடி ஓட்ட மாமா விடுவதில்லை. கறிவேப்பிலை மட்டும் இன்னும் "அந்த இலை, பூச்சி இலை" என்றுதான் வருகிறது, அட்டையைக் காட்டினால் சிரித்துக்கொண்டே படித்துவிடுவாள். பழைய குரல்செய்தியை அவளுக்கு நான் இதுவரை போட்டுக் காட்டவில்லை.

அட்டைகள் இப்போது 140 இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி யாராவது தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டு இருந்தால் கேளுங்கள், எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புகிறேன். சாமான் படங்களை மட்டும் உங்கள் வீட்டுச் சாமானாக மாற்றிக்கொள்ளுங்கள்.